உங்களுக்குத் தெரியுமா? கல்லறை இல்லாத விமானப்படையினர்

ஒரகடத்திலிருந்து பூந்தமல்லி வழியாகப் பரங்கிமலைக்கு வருவோர் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தைக் கடக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே அடக்கம். கடலில் விழுந்த குண்டுவீச்சு விமானங்களின் வீரர்களுக்கோ ஆறடி மண்ணும் கிடைக்கவில்லை. நாம் அவர்களை மறந்ததற்கு அதுவே பெரிய காரணம். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படையை, இலங்கையிலிருந்து தேடிச்சென்று தாக்கிய 9 பிரிட்டிஷ் பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்களில் 5 திரும்பவில்லை. விமானத்துக்கு மூன்று பேர். உடல் கிடைக்காத இத்தகையோரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் வீசிய குண்டு எதுவும் இலக்கில் படவில்லையே, அவர்களுடையது பிரிட்டிஷ் பேரரசின் படைதானே என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்து, சென்னை மக்கள் ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த அந்த நாட்களில், ஜப்பானியக் கப்பற்படையின் நேர் மேலே பறந்து தாக்கத் துணிந்தவர்கள் அவர்கள்.