வேலிக்கு ஒரு சங்குக்கொடி

அவரை, துவரை, உளுந்து என்றவுடன் நமக்குச் சோறும் குழம்பும் நினைவுக்கு வரும். அதே லெகுமினோசே குடும்பத்தில் பூவுக்காகவே வளர்க்கத்தக்க பல்லாண்டுக் கொடி ஒன்று உண்டு. அதுதான் சங்குப்பூ. தாவரவியலார் இதனைக் கிளைட்டோரியா டெர்னேட்டியா என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் கருவிளை என்பது இதுவே.

இதனை வளர்ப்பது எளிது. விதையில்தான் சூட்சுமம் இருக்கிறது. முற்றிய விதையின் உறை தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் கூண்டோடு மாண்டுபோகாமல் காப்பது அவ்வுறைதான். அவசரக்காரர்களான நமக்கோ அது இடைஞ்சல்! ஆகவே விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஊறியும் உப்பாமல் கல்லாய்க் கிடக்கும் விதையை மறுபடி தேய்க்கலாம். விதையும் வேரும் கடும் பேதியை உண்டாக்கும். சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், படர ஒரு வேலி, இவை போதும். பூத்து ஓய்ந்த கொடியைக் கவாத்து செய்தால், புதுத் தளிர்விட்டு மீண்டும் பூக்கும்.

"சமைக்க ஒரு காய் தராத கொடிக்கு எதுக்குப்பா தண்ணி?" என்று என் தாயார் கேட்டார். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் அது, கேள்வி நியாயமானதே. பதில் வேரில் இருக்கிறது. கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. முடிச்சை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இதற்கு யூரியா வாங்க வேண்டாம். கழித்த கொடியை ஆடு மாடு விரும்பித் தின்னும். மிஞ்சியதை மண்ணில் புதைத்தால் அடுத்த பயிருக்கு உரம். வேர் பிடித்தபின் வறட்சியையும் தாங்கும். கைகால் கழுவிய நீரே எங்கள் கொடிக்குப் போதுமானதாக இருக்கிறது.

பூவின் அமைப்பும் வேடிக்கையானது. அவரைப் பூவில் மேலே நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ், இதில் தலைகீழாகக் கீழ்ப்புறம் விரிந்திருக்கும். அதில் வந்து அமரும் வண்டின் முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது.

நான்கைந்து பூக்களை வெந்நீரில் போடுங்கள். நீலச் சாறு இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும்; சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் பச்சையாகும். லிட்மஸ் தாள் கிடைக்காத பள்ளிக்கூடத்திலும் அமிலம், காரம் இரண்டையும் கண்ணால் காட்டிவிடலாம். வெண்பூவில் இந்த நீல நிறமி இல்லை. ஆதலால் விதை கேட்கும்போதே நீலப்பூ விதையாகக் கேட்டு வாங்குங்கள்.