தோல் கவசம் அடியைத் தாங்குமா? பேரணாம்பட்டு தோலை வைத்து வீட்டிலேயே போர்க்கவசம் செய்ய முடியுமா? முழு விளக்கம்

உங்கள் போனிலும் இப்படி ஒரு ரீல்ஸ் வந்திருக்கும். தலை முதல் கால் வரை கவசம் மாட்டிய இரண்டு பேர், வேலி கட்டிய களத்தில் ஒருவரை ஒருவர் வெளுத்து வாங்குகிறார்கள். 'ஏதோ ஷூட்டிங்' என்று தள்ளிவிட்டிருப்பீர்கள். ஷூட்டிங் இல்லை. விழுகிற அடி நிஜ அடி.

ஐரோப்பாவின் இடைக்காலப் போர்வீரர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு, பொழுதுபோக்குக்காகச் சண்டை போடும் விளையாட்டு இது. இதில் இறங்குகிறவர்களில் பலர் கவசத்தைக் கடையில் வாங்குவதில்லை. கார் ஷெட்டிலும் வீட்டுப் பின்கட்டிலும் தாங்களே செய்துகொள்கிறார்கள். இரும்புத் தகடு ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் தோல்.

தோல் என்றால் வேலூர் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதியே டேனரிகளால் பேர் வாங்கியதுதான். ஆனால், 'தோல் ஊரில்தானே இருக்கிறோம், கிடைத்த தோலை வாங்கித் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்' என்று இறங்கினால் விலா எலும்பு போய்விடும். ஏன் என்பதுதான் இந்தச் செய்தி.

இது என்ன விளையாட்டு?

1966 மே 1ஆம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் பெர்க்லியில் எழுத்தாளர் டயானா பாக்ஸன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சிலர் கூடி ஒரு விருந்து நடத்தினார்கள். பழங்கால வீரர்கள் போல உடுத்தி, வாள் சண்டைப் போட்டியும் வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்', சுருக்கமாக எஸ்சிஏ.

இவர்களுடைய கவசச் சண்டையில் வாள் இரும்பு இல்லை, பிரம்பு. குறைந்தது ஒன்றேகால் அங்குல விட்டம் இருக்க வேண்டும். சிலம்பம் சுற்றிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு தடி என்று புரியும். அதை ஓங்கி அடித்தால் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

இதைவிட முரட்டுத்தனமான இன்னொரு வகை 'பூஹர்ட்'. அதில் முனை மழுக்கிய உண்மையான இரும்பு ஆயுதங்கள். 2010ல் உக்ரைனின் கோட்டின் கோட்டையில் 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' என்ற சர்வதேசப் போட்டி தொடங்கியபிறகு இது வேகமாகப் பரவியது. அங்கே தோல் மட்டும் போதாது, இரும்புத் தகடு கட்டாயம். நாம் பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் அந்நியம் ஒன்றும் இல்லை. டேராடூனில் 1943ல் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் நிறுவனம் வாள், தலைக்கவசம் எல்லாம் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. தமிழுக்கும் அந்நியம் இல்லை. பழந்தமிழில் 'தோல்' என்ற சொல்லுக்கே கேடயம் என்று ஒரு பொருள் உண்டு. கேடயம் எதில் செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எல்லாத் தோலும் ஒன்றா?

இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஷூ, பேக், ஜாக்கெட் செய்ய வரும் தோலில் பெரும்பகுதி குரோம் முறையில் பதப்படுத்தியது. குரோமியம் உப்பில் ஊறவைத்து எடுத்தால் தோல் வெளிர் நீலமாக மாறும். டேனரிகளில் இதற்கு 'வெட் ப்ளூ' என்றே பேர். வேலை சீக்கிரம் முடியும். தோல் மெத்தென்று வளையும், சூட்டையும் தாங்கும்.

இன்னொன்று பழைய முறை. ஆவாரம் பட்டை, கடுக்காய், இப்போது அதிகமாக வாட்டில் பட்டைச் சாறு. இவற்றில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் தோலைப் பதப்படுத்துகிறது. பச்சை வாழைக்காய் நறுக்கினால் கையில் கறை பிடிக்கிறதே, அதே ரகம். இந்தத் தோல் பழுப்பாக, விறைப்பாக இருக்கும். இந்த வழியில் வந்த 'ஈஸ்ட் இந்தியா லெதர்' புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுப் பொருள்.

கவசத்துக்கு வேண்டியது இரண்டாவது வகைதான். காரணம், வெந்நீர்.

தோலின் உள்ளே இருப்பது கொலாஜன் என்ற புரத நார். கயிறு திரித்த மாதிரி முறுக்கி இருக்கும். ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் அந்த முறுக்கு விட்டுப்போய் நார் சுருங்கிவிடும். டேனரிக்காரர்கள் இதைச் 'சுருங்கும் வெப்பநிலை' என்பார்கள். பதப்படுத்தாத பச்சைத் தோலுக்கு அது சுமார் 60 முதல் 65 டிகிரி. பட்டை போட்ட தோலுக்கு ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி. நன்றாகக் குரோம் ஏறிய தோல் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் அசையாது.

பட்டைத் தோலை 80 டிகிரி வெந்நீரில் முக்கினால் அது சுருங்கும், தடிக்கும், ரப்பர் மாதிரி ஆகும். சில நிமிடம்தான் அந்த நிலை. அதற்குள் தோள், முட்டி என்று எந்த வடிவம் வேண்டுமோ அப்படி வளைத்துக் கட்டிவிட வேண்டும். காய்ந்தால் பலகை மாதிரி இறுகிவிடும். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் 'கூயிர் பூயி' என்ற பெயரில் செய்தது இந்த மாதிரி இறுக்கிய தோலைத்தான்.

ஷூவுக்கு வரும் குரோம் தோலை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இப்படி ஆகாது. காய்ந்தபிறகு கருவாடு மாதிரி கோணிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஷூ மேல்தோல் பொதுவாக ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. எஸ்சிஏ விதியில் 'கனத்த தோல்' என்றால் விறைப்பான பட்டைத் தோல், சுமார் 4 மில்லிமீட்டர். அதனால் ஜாக்கெட் தோல் கேட்காதீர்கள். ஷூ அடிப்பாகத்துக்கு வரும் சோல் லெதர், குதிரைச் சேணத்துக்கு வரும் தோல் என்று கேளுங்கள்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். உள்ளே வரை பழுப்பு என்றால் பட்டையாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சாயம் ஏமாற்றும். இரண்டு முறையும் கலந்து பதப்படுத்திய தோலும் உண்டு.

சந்தேகம் இருந்தால் விரல் அளவு ஒரு துண்டு வாங்கிவந்து கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். சுருண்டு பாதியாகிவிட்டால் உங்களுக்கு வேண்டிய தோல். அப்படியே கிடந்தால் குரோம்.

யூடியூபில் சிலர் தோலை நெருப்பில் கொளுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். குரோம் தோலை எரித்தால் சாம்பலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஒரு வெந்நீர்ச் சொம்பில் முடிகிற சோதனைக்கு இது தேவையா?

செய்முறையில் எங்கே சொதப்பும்?

முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, உடம்பில் வைத்துப் பார்த்து, அப்புறம் தோலில் வெட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் கோட்டைவிடுவது சுருக்கத்தில். வெந்நீரில் போட்ட தோல் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கலாம். அளவு சரியாக வெட்டினால் காய்ந்தபிறகு முழங்கைக் கவசம் தம்பிப் பையனுக்குத்தான் சேரும். தோலுக்குத் தோல் இது மாறும். அதனால் அதே தோலில் ஒரு சாண் துண்டை முக்கி, காயவைத்து, அளந்து, அந்தக் கணக்கில் பெரிதாக வெட்டுங்கள்.

வெந்நீருக்கு முன்னால் சாதாரணத் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை ஊறவைக்க வேண்டும். அப்புறம் வெந்நீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 'நல்லா வேகட்டும்' என்று விட்டால் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும்; முதல் அடியிலேயே உடையும். காயவைப்பது நிழலில், நிதானமாக.

பாத்திரம் அலுமினியமோ எவர்சில்வரோ இருக்கட்டும். இரும்புக் கடாயில் போட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து தோல் மை கொட்டியது போலக் கறுத்துவிடும். எந்தப் பாத்திரமாக இருந்தாலும் அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

சிலர் இறுகிய தோலில் தேன்மெழுகு உருக்கி ஏற்றுவார்கள். தண்ணீர் இறங்காது, இன்னும் கெட்டியாகும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது அருமையான வழி. நமக்கு? தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும், அதற்கு ரொம்ப முன்பே இளகத் தொடங்கிவிடும். வேலூர் கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் அந்தக் கவசத்தை வைத்துவிட்டு வந்தால், எடுக்கும்போது அது கவசமாக இருக்காது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவும் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடி போட்டு அணையுங்கள்.

எடைக் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் தோல் ஒரு சதுர அடி ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் வரும். மார்பு, முதுகு இரண்டுக்கும் சேர்த்து ஏழெட்டு சதுர அடி என்றால் மூன்று கிலோ பக்கம். இரும்போடு ஒப்பிட்டால் இது இறகு.

முதல்முறை செய்கிறவர்களுக்கு ஒரே பெரிய மார்புத் தகடு வேண்டாம் என்பது என் கருத்து. விசிட்டிங் கார்டு அளவில் நிறையத் துண்டுகள் வெட்டி, இறுக்கி, ஓட்டை போட்டு, வாரால் வரிசை வரிசையாகக் கோத்துவிடலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பல நாடுகளில் இப்படிக் கவசம் இருந்திருக்கிறது. சோல் லெதர் கழிவுத் துண்டுகளே போதும், சுருக்கக் கணக்கு தப்பினாலும் சமாளிக்கலாம். ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தலைக்கும் தோலே போதுமா?

போதாது. இதில் பேரமே கிடையாது.

எஸ்சிஏ விதிப்படி தலைக்கவசம் குறைந்தது சுமார் 1.6 மில்லிமீட்டர் எஃகு. உள்ளே தலை படும் இடமெல்லாம் அரை அங்குலம் ஃபோம் மெத்தை. முகத்துக்கு முன்னால் கம்பி வலை. அதன் இடைவெளியில் ஒரு அங்குலக் கம்பு நுழையக் கூடாது. கழுத்து, சிறுநீரகம், முழங்கை, முழங்கால், பிறப்புறுப்பு ஆகிய இடங்களுக்கும் கட்டாயப் பாதுகாப்பு உண்டு. சிறுநீரகத்தைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். மார்புக்கு அழகாகத் தகடு செய்துவிட்டு இடுப்புக்குப் பின்னால் வெறும் சட்டையோடு நிற்பார்கள்.

பைக் ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. அது ஒரு விபத்தில் ஒருமுறை நசுங்கி உங்களைக் காப்பாற்றச் செய்தது. திரும்பத் திரும்ப அடி வாங்கச் செய்ததல்ல. பழைய ஜிஐ ஷீட்டை வெல்டிங் வைத்துத் தொப்பி செய்வதும் ஆபத்து. அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சல் வரவைக்கும்.

இன்னொன்று, தோல் அடியைப் பரப்பத்தான் செய்யும், உறிஞ்சாது. உறிஞ்சுவது உள்ளே போடும் பஞ்சு மெத்தை அங்கி. அந்த அங்கியோடு நம் ஊர் மே மாதத்தில் பத்து நிமிடம் குதித்தால் எதிராளி தேவையில்லை, வெயிலே வீழ்த்திவிடும். பயிற்சி அதிகாலையில்தான். கூடவே தண்ணீரும், கவசத்தைச் சட்டென்று கழற்றிவிட ஒரு ஆளும் வேண்டும்.

தோலையும் வீட்டிலேயே பதப்படுத்தலாமா?

பச்சைத் தோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலருக்கு இந்த ஆசை வரும். பேரணாம்பட்டுக்காரர்கள் கேட்டால் சிரிக்க மாட்டார்கள், கோபப்படுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

டேனரிக் கழிவால் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீரும் விவசாய நிலமும் கெட்டுப்போன வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு என்று உத்தரவு.

பட்டை முறை என்றால் கழிவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். குரோமியம் இருக்காது, உண்மை. ஆனால் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, முடி நீக்கும் சுண்ணாம்பு, துவர்ப்புச் சாறு எல்லாம் தண்ணீரில்தான் போகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையமே திணறுகிற கழிவை உங்கள் வீட்டுச் சாக்கடை என்ன செய்யும்?

பதப்படுத்தி முடித்த தோலை வாங்குங்கள். மேல்தோல் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள், சோல் லெதர் எடைக் கணக்கில். வாங்கும்போது கழுத்து, வயிற்றுப் பகுதி வேண்டாம், முதுகும் பின்பகுதியும் கொடுங்கள் என்று கேளுங்கள். நார் நெருக்கமாக இருப்பது அங்கேதான். வயிற்றுத் தோல் தொளதொளவென்று இருக்கும், வெந்நீரில் போட்டால் ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் தொங்கும். மொத்தமாக வாங்கும் முன், அந்த விரல் அளவுத் துண்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.