லிப்ட் விழுந்தால் யார் பொறுப்பு?

இன்ஜினை அணைத்தாயிற்று, இனி பயமில்லை என்று டிராக்டர் தூக்கி நிற்கும் இயந்திரத்தின் அடியில் குனிபவர்கள் உண்டு. விபத்துக்கு அது போதும். டிராக்டரின் ஹைட்ராலிக் லிப்ட் மேலே ஏறத்தான் இன்ஜின் ஓட வேண்டும். கீழே இறங்க அது ஓட வேண்டியதில்லை. லிவரில் யாராவது கை வைத்தால் உள்ளே அடைபட்ட ஆயில் திரும்பி ஓடி, மொத்த எடையும் இறங்கிவிடும். சீல் தேய்ந்திருந்தால் லிவரைத் தொடக்கூட ஆள் வேண்டாம்.

உருளைக்கிழங்கு நடும் இயந்திரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நீலகிரிச் சரிவுகளில் விதைக்கிழங்கைக் கையால் ஊன்றுவதே வழக்கம். பஞ்சாபின் ஜலந்தர், குஜராத்தின் டீசா போன்ற சமவெளிகளில் டிராக்டர்தான் நடுகிறது. அரைத் தானியங்கி வகையில் இயந்திரத்தின் மேலேயே இருக்கை இருக்கும். அதில் ஆட்கள் உட்கார்ந்து, சுழலும் அறைகளில் கிழங்கை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். வயலின் முனையில் திரும்ப ஓட்டுநர் லிவரை இழுத்தால், பெட்டி நிறையக் கிழங்கும் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் சேர்ந்தே மேலே எழும்பும். ஓட்டுநரின் முகமோ முன்பக்கம் பார்த்திருக்கும்.

புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலிருந்து வில்லியனூர், பாகூர் பக்கம் போனால் கண்ணில் படுவது நெல் வயல்தான். ஆனாலும் அங்கே ரோட்டவேட்டரையும் கலப்பையையும் தூக்குவது இதே ஹைட்ராலிக் லிப்ட்தான். ஆபத்தும் சட்டமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இயக்கும்போது

லிப்ட்டை ஏற்றுமுன் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை இறக்கிவிட வேண்டும். ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் நடுவே இதற்கு ஆகும் நேரம் சில நொடிகள். பொசிஷன் கண்ட்ரோல் லிவர் இயந்திரத்தை வைத்த உயரத்தில் நிறுத்தும். டிராப்ட் கண்ட்ரோல் லிவர் மண்ணின் இழுவைக்கு ஏற்பத் தானாகவே ஏற்றி இறக்கும். எது எந்த லிவர் என்று அறியாதவர் சீட்டில் உட்காரக் கூடாது. இறங்கும் வேகத்தைக் குறைக்கும் திருகு பல டிராக்டர்களில் சீட்டுக்கு அருகிலேயே உண்டு. கனமான இயந்திரத்துக்கு அதை மெதுவில் வைப்பது நல்லது.

வேலை நின்றதும் முதலில் இயந்திரத்தைத் தரையில் இறக்கி, பிறகு இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சிக்கிய கொடியையோ கல்லையோ எடுக்கத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், உறுதியான இரும்பு ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டு ஆகாது. பாரம் இறங்கினால் நொறுங்கிவிடும்.

ஊசிமுனைக் காயம்

டிராக்டரின் பின்சக்கரத்தில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 12 முதல் 20 பிஎஸ்ஐ. ஹைட்ராலிக் ஹோஸுக்குள் இருப்பதோ 2,000 பிஎஸ்ஐக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் இப்படி உடம்புக்குள் பாய்ந்ததை ரீஸ் என்ற மருத்துவர் 1937லேயே எழுதியிருக்கிறார்.

விரலில் ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி விறைத்து, உள்ளே சதை அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். கசக்கிப் பிழிவது, ஒத்தடம் கொடுப்பது, டி.டி. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது மூன்றும் ஆகாது. ஜிப்மர் போல அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், “பிரஷரில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது” என்று சொல்ல வேண்டும். கசிவு எங்கே என்று பார்க்க விரலை நீட்டாதீர்கள். ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸைக் கழற்றுமுன் இயந்திரத்தை இறக்கி அழுத்தத்தை விடுவித்துவிடுங்கள்.

வாங்கியவரின் உரிமை

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளால் அடிபட்டவர் தயாரிப்பாளரிடமும் விற்பவரிடமும் இழப்பீடு கேட்க வழி செய்கிறது. பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவில் சொல்லாததும் இச்சட்டப்படி குறைபாடுதான். தமிழ் மட்டும் அறிந்தவரிடம் இந்தி ஸ்டிக்கர் ஒட்டிய இயந்திரத்தை விற்றது போதிய எச்சரிக்கையா என்று வாதிட இடமுண்டு. ஆனால் நீங்களே வெல்டிங் வைத்து மாற்றியிருந்தால் வழக்கு வலுவிழக்கும்.

சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய டிராக்டரும் இச்சட்டத்துக்குள் வரும். குருசுக்குப்பத்தில் வீடும் பாகூரில் நிலமும் உள்ளவர் ஜலந்தரில் செய்த இயந்திரத்தை வாங்கியிருந்தாலும், தான் குடியிருக்கும் புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆலோசனைக்கு 1915 எண்ணில் அழைக்கலாம்.

கூலியாளின் உரிமை

டிராக்டர் கொண்டு செய்யும் விவசாய வேலை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. வேலையின்போது அடிபட்டு மூன்று நாளுக்கு மேல் முடங்கினால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. “நீதானே கவனமில்லாமல் கையை விட்டாய்” என்ற பேச்சால் உரிமை போய்விடாது. இதற்கும் கெடு இரண்டு ஆண்டு. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தரும். 15100 எண்ணில் அழைக்கலாம்.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், ஒரு கையோ காலோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம். நடவுக்கு ஆள் எடுப்பவர் இதைக் கேட்டு, சேராதவரைச் சேர்த்துவிட வேண்டும்.

விபத்து நடந்தால் சிகிச்சைக்கு அடுத்த வேலை ஆதாரம் சேர்ப்பது. மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். லிவர், ஹோஸ், இயந்திரத்தின் பெயர்ப்பலகை, வரிசை எண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ரிப்பேர் அதற்குப் பிறகுதான். வெடித்த ஹோஸைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் வழக்கும் அதோடு போய்விடும்.