குடும்பத்தோடு ஒரு குடியரசு தினம்



நாம் குடும்பத்தோடு பயணம் புறப்படுவது எதற்காக? உறவினர் இல்லத் திருமணங்களுக்குச் செல்கிறோம். கோடை விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்கிறோம். அல்லாஹ் வசதியளித்தவர்கள் உம்ராவுக்குச் செல்கிறார்கள். ஆனால், நாம் பிறந்து வாழும் நாட்டின் பெருவிழாவை நேரில் காண்பதற்கென்றே வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா என்று இருந்துவிடுகிறோம்.

2025 ஜனவரியில் எங்கள் குடும்பத்தார் பதினேழு பேர் டெல்லி சென்று வந்தோம். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 75 ஆண்டுகள் நிறைவுற்ற குடியரசு தினம் அது. எழுபது வயதைக் கடந்த பெரியம்மா முதல் மூன்றாம் வகுப்புச் சிறுமி வரை அக்குழுவில் இருந்தனர். நீங்களும் அவ்வாறு செல்ல நேர்ந்தால், எவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

ஏன் ஜனவரி 26?

பயணத்திற்கு முன்பே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் அதற்கான உறுதிமொழி எடுக்கப்பட்டது. அந்நாளின் நினைவாகவே 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசாயிற்று. இத்தீர்மானத்திற்கு எட்டாண்டுகள் முன்னதாக, 1921இல் அகமதாபாத் மாநாட்டிலேயே முழு விடுதலை வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தவர் மௌலானா ஹஸ்ரத் மொஹானி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று அத்தீர்மானம் ஏற்கப்படவில்லை. ஆயினும், 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்னும் முழக்கத்தை நாட்டுக்கு வழங்கியவரும் அவரே.

முதல் விருந்தினர்

1950ஆம் ஆண்டின் முதல் அணிவகுப்பு, இன்று தியான்சந்த் தேசிய விளையாட்டரங்கம் உள்ள இடத்தில் நடந்தது. அன்று சிறப்பு விருந்தினராக வந்தவர் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ. டச்சுக்காரர்களிடமிருந்து அவரது நாடு முழு இறையாண்மை பெற்று அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது. 75 ஆண்டுகள் கழித்து நாங்கள் கண்ட விழாவிலும் சிறப்பு விருந்தினர் இந்தோனேசிய அதிபரே, பிரபோவோ சுபியாந்தோ. அந்நாட்டு வீரர்கள் 152 பேரும், இசைக்குழுவினர் 190 பேரும் கடமைப் பாதையில் நடந்து வந்தனர். ராஜபாதை என்று நாம் அறிந்திருந்த சாலைக்கு 2022 முதல் வழங்கும் பெயர் அது. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாட்டின் கொடி அங்கே மதிப்போடு ஏந்திச் செல்லப்பட்டபோது, எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அணிவகுப்பு முடிந்த பின்

அணிவகுப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காணவேண்டியவை அதன்பின்னும் உள்ளன.

இந்தியா கேட் அருகே 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்திற்கு மறுநாள் சென்றோம். பரம் வீர் சக்கர விருது பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் அங்கே உள்ளன. அவர்களுள் ஒருவர் ஹவில்தார் அப்துல் ஹமீது. 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரன் பகுதியில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் எதிரியின் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து அப்போரிலேயே உயிர்நீத்தவர். அவர் பெயரைச் சிறுமி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நம்ம பேரு மாதிரியே இருக்கே!" என்று வியந்தாள். 1966ஆம் ஆண்டின் குடியரசு தினத்தில் அவ்விருதை அவருடைய மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார் என்றும், அதனை வழங்கிய குடியரசுத் தலைவர் நமது திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் என்றும் சொன்னேன். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை வெளியிலிருந்தேனும் காட்டுங்கள். அதன் மைய மண்டபத்தில்தான் அரசியல் நிர்ணய சபை கூடியது. அதில் நம் காயிதே மில்லத் இஸ்மாயீல் சாஹிப் உறுப்பினர். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என 1949இல் அவர் வாதாடினார். அதே அவையில் அதனை எதிர்த்துப் பேசியவர் பேகம் ஐஸாஸ் ரசூல். அச்சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினர். இருவர் கருத்தும் நேர் எதிரானவை. ஆயினும், அச்சமின்றிப் பேச இருவருக்கும் அங்கே இடம் இருந்தது. இன்று பள்ளியிலும் தெருவிலும் 'நீ இந்த ஊர்க்காரனா?' என்னும் பொருள்பட ஒரு சொல் நம் பிள்ளைகளின் செவியில் விழுகிறது. அப்போது கோபமோ குன்றலோ இன்றி விடைசொல்ல இந்த வரலாறு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஜாமிஆ மஸ்ஜிதில் தொழுதபின், அருகிலுள்ள மௌலானா ஆஸாதின் அடக்கத்தலத்தில் ஸலாம் சொல்லி துஆ செய்யுங்கள். 1947 அக்டோபரில், பிரிவினைக் கலவரத்தால் அஞ்சி டெல்லியை விட்டுப் புறப்படவிருந்த முஸ்லிம்களை அப்பள்ளிவாசலிலிருந்துதான் அவர் தடுத்து அழைத்தார்.

புறப்படுவதற்கு முன்

சென்னையிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்கும். ஜனவரியில் வடக்கே மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும் என்பதால், இரண்டு நாள் முன்னதாகவே சேர்ந்துவிடுவது நல்லது. அணிவகுப்புக்குப் பாதுகாப்பு அமைச்சகம் வழங்கும் நுழைவுச்சீட்டின் விலை 2025இல் 20 ரூபாயும் 100 ரூபாயுமாக இருந்தது. சீட்டோடு அசல் அடையாள அட்டை அவசியம். பைகளையும் உணவையும் உள்ளே விடமாட்டார்கள். எனவே, விடியுமுன் பிள்ளைகளை உண்ணச் செய்துவிடுங்கள். முதியோருக்குக் கம்பளிச் சால்வையும் காலுறையும் இன்றியமையாதவை. 26இல் இடம் கிடைக்காதவர்கள் 23ஆம் தேதி முழு ஒத்திகையைக் காணலாம். 29ஆம் தேதி மாலை விஜய் சௌக்கில் நடைபெறும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியையும் காணலாம்.

செலவைக் கண்டு தயங்க வேண்டாம். திருமண விருந்தில் ஒரு வகைக் கறியைக் குறைத்தால், குடும்பத்துக்கே ரயில் கட்டணம் மிச்சமாகும். தாய்மார்களையும் பெண் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் போய்வராதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு இரவில் கதை சொல்பவர்கள் அவர்கள்தாம். இந்நாட்டில் நமக்குள்ள பங்கை அவர்கள் கண்ணால் கண்டு வந்தால், அது வீட்டில் தலைமுறைதோறும் சொல்லப்படும், இன்ஷா அல்லாஹ்!