புத்தர் சிலையை வாசிப்போம்

வவுனியா தொல்பொருள் நூதனசாலையில் கி.பி. 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான சுண்ணக்கற் புத்தர் சிலைகள் உள்ளன. பார்த்ததும் புத்தர் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருள் உண்டு. மகாபுருடருக்கு, அதாவது மாமனிதருக்கு, 32 இலக்கணங்கள் என்று பௌத்த நூல்கள் வகுத்தன. சிற்பியின் உளி அவற்றைத் தழுவியே நடந்தது.

தலை உச்சியில் எழும் மேடு ‘உஷ்ணீஷம்’, ஞானத்தின் அடையாளம். புத்தராகும் முன் சித்தார்த்தராக அவர் துறவு பூண்ட அன்று வாளால் கூந்தலை அரிந்தார், எஞ்சிய மயிர் வலப்புறம் சுருண்டு அப்படியே நின்றுவிட்டது என்பது மரபு. தலை நிறைந்த சிறு சுருள்கள் அதைத்தான் சொல்கின்றன. காதுமடல் தோளை நோக்கித் தொங்குவது, அரசகுமாரனாக அவர் அணிந்த கனத்த குண்டலங்களால். குண்டலம் போய்விட்டது, அதன் பாரம் இழுத்த காது மட்டும் மிஞ்சியிருக்கிறது. துறந்த செல்வத்தை இதைவிடச் சுருக்கமாகக் கல்லில் காட்ட முடியாது.

அடுத்து கைகள். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உள்ளங்கைகள் தியான முத்திரை. உயர்த்திய வலக்கை ‘அஞ்சேல்’ என்னும் அபய முத்திரை. அமர்ந்த சிலையில் கால்களையும் கவனியுங்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இடக்காலின் மேல் வலக்கால் படிந்திருக்கும் வீராசனமே வழக்கம். இரு பாதங்களும் மேல்நோக்கும் பத்மாசனம் வட இந்தியாவில் மிகுதி.

நிற்கும் சிலையில் ஆடையே ஊரைச் சொல்லும். வலத்தோள் திறந்து, உடலோடு ஒட்டி ஓடும் மடிப்பு வரிகளும் கணுக்காலருகே தடித்த விளிம்பும் இருந்தால், அது கிருஷ்ணா நதிக்கரை அமராவதியின் செல்வாக்கு. உஷ்ணீஷத்தின்மேல் தீச்சுடர் எழுந்தால் பெரும்பாலும் பிற்காலத்துப் பாணி. நாகபட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 பௌத்த வெண்கலங்களில் அந்தச் சுடரை நன்றாகக் காணலாம்.

கடல்வழியே சிற்பிகளும் பிக்குகளும் வணிகரும் போய்வந்த உலகில் பிறந்தவை இச்சிலைகள். தமிழரும் அதற்குள் இருந்தவர்களே. மணிமேகலை பௌத்தக் காப்பியம். வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கண நூலைத் தந்த புத்தமித்திரர் பௌத்தர். எனவே இச்சிலைகளை நமக்கு அந்நியம் என ஒதுக்குவதும், ஓர் இனத்துக்கே உரியவை எனக் கொள்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆசிரியர்களே, பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலை, காது, கை, கால், ஆடை என்ற வரிசையில் அவர்களாகவே வாசித்துப் பார்க்கட்டும்.