மாறிலியும் வினவலும்

கணிதப் பாடத்திலே மாறி, மாறிலி என்னும் இரு சொற்களை மாணவர்கள் கற்றிருப்பர். கணினி நிரல்களிலும் இவ்விரண்டும் உண்டு. ஒரு மாணவன் பெறும் மதிப்பெண் தேர்வுக்குத் தேர்வு வேறுபடும். ஆதலின் அது மாறி. தேறுவதற்கு 40 வேண்டும் எனப் பள்ளி வகுத்த எல்லை மாறாது நிற்கும்; அது மாறிலி. 40 என்னும் எண்ணை நிரலெங்கும் எழுதாமல், 'தேர்ச்சி' எனப் பெயரிட்டு ஓரிடத்தில் வரையறுத்துவிட்டால், எல்லையை மாற்ற நேரும்போது அவ்வோரிடத்தைத் திருத்தினாற் போதும்.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் மொழி, இணையப் பக்கங்களைத் தரவுத்தளத்தோடு இணைக்கப் பெரிதும் பயன்படுகின்றது. அதில் மாறிலிக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தரவுத்தளத்திடம் நாம் விடுக்கும் கேள்வியே வினவல். அதனை இரட்டை மேற்கோள்குறிகளுக்குள் எழுதுவது வழக்கம். அங்கே ஒரு பெயரின் முன் டாலர் குறி இருந்தால், பி.எச்.பி. அதனை மாறியென்று அறிந்து அதன் மதிப்பை இட்டு நிரப்பும். மாறிலிக்கோ அத்தகைய அடையாளம் எதுவுமில்லை. ஆகவே மேற்கோளுக்குள் 'தேர்ச்சி' என்று எழுதினால், 40 செல்லாது. அச்சொல்லே தரவுத்தளத்திற்குச் செல்லும். அதுவோ அப்பெயருடைய நிரலைத் தன் அட்டவணையில் தேடி, காணாமல், பிழையென்று அறிவிக்கும். அறிவித்தால் நல்லது. தேறியவருக்கு 1, தேறாதவருக்கு 0 எனக் குறிக்கும் 'தேர்ச்சி' என்னும் நிரல் அட்டவணையில் உண்மையாகவே இருக்குமாயின், மதிப்பெண் அந்த 1 அல்லது 0 உடன் ஒப்பிடப்படும். பிழைச்செய்தி எதுவுமின்றி ஏறக்குறைய அனைவரும் தேறிவிடுவர்! மாணவர் மகிழலாம், ஆசிரியர் திகைப்பார்.

இதற்குத் தீர்வு எளிது. மேற்கோளை மூடி, ஒரு புள்ளி இட்டு, மாறிலியை வெளியே எழுதி, மீண்டும் புள்ளியிட்டு மேற்கோளைத் திறக்கலாம்.

ஆயின், வெளியார் தட்டச்சிட்டு அனுப்பும் சொற்களையும் இவ்வாறே ஒட்டுதல் பெருந்தவறாகும். ஓ'கானர் என்னும் அயர்லாந்துப் பெயரிலுள்ள ஒற்றைக் குறியே வினவலை இடையில் முறித்துவிடும். தீய எண்ணமுடையோர் அதே வழியால் வினவலின் பொருளையே மாற்றி, மாணவர்தம் முகவரிகளைக் கவரவும் பதிவுகளை அழிக்கவும் கூடும். எனவே வினவலில் மதிப்புக்குரிய இடத்தைக் கேள்விக்குறியிட்டு வெறுமையாக விட்டு, மதிப்பைத் தனியே இணைப்பதே தக்க முறை. அதற்கெனவுள்ள இரு கட்டளைகளுள் 'பைண்ட் பாரம்' மாறியை மட்டுமே ஏற்கும்; 'பைண்ட் வேல்யூ' மாறிலியையும் ஏற்கும்.

அட்டவணையின் பெயரை இவ்வாறு தனியே இணைக்க இயலாது. அதனைப் புள்ளியிட்டே ஒட்டவேண்டும். நிரலை எழுதியவரே வரையறுத்த மாறிலியாக அப்பெயர் இருப்பின் அச்சமில்லை. மாறிலியின் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினால், முன்னைய பதிப்புகள் அதனை வெறுஞ்சொல்லாகக் கொண்டு, ஓர் எச்சரிக்கையோடு மேற்செல்லும். 2020இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது.