கைப்பேசியில் நகர மறுக்கும் இணையதள மெனு: காரணமும் தீர்வும்

புதுடெல்லி: ரயில் முன்பதிவு, தேர்வு விண்ணப்பம், அரசுச் சேவைகள் எனப் பலவற்றுக்கும் மக்கள் கைப்பேசி உலாவியையே நாடுகின்றனர். ஆனால், சில இணையதளங்களில் மெனுவைத் திறந்தால் அதன் கடைசி வரிகள் திரைக்குள் வருவதில்லை. விரலால் தள்ளினால் மெனு அசையாமல் நிற்க, பின்னாலுள்ள பக்கம் நகர்கிறது. உள்நுழைவு, புகார்ப் பதிவு போன்ற இணைப்புகள் அடியில் இருந்தால், பயனரால் அவற்றை எட்டவே முடியாது.

காரணம் என்ன?

மெனுவைத் திரையில் அசையாதபடி நிலைநிறுத்திவிட்டு, அது தனியாக நகர்வதற்கு வழிசெய்யாமல் விடுவதே முதல் காரணம். திரையைவிட நீளமான பட்டியலின் எஞ்சிய பகுதி இதனால் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், உயரத்தைக் கணக்கிடும் முறை. 'விஎச்' என்ற அலகில் 100 எனக் குறித்தால், முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போதுள்ள முழு உயரத்தையே கைப்பேசி உலாவிகள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. பட்டை தோன்றும்போது மெனுவின் அடிப்பகுதி திரைக்கு வெளியே தள்ளப்படுகிறது.

வடிவமைப்பாளர்களுக்கான தீர்வு

பட்டை தோன்றி மறைவதற்கேற்ப மாறும் 'டிவிஎச்' அலகை சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் 2022-ஆம் ஆண்டில் ஏற்றன. மெனுவின் அதிகபட்ச உயரத்தை இந்த அலகில் வரையறுத்து, 'ஓவர்ஃப்ளோ-ஒய்' பண்பை 'ஆட்டோ' என அமைத்தால் பட்டியல் தனியாக நகரும். 'ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்' பண்பை 'கன்டெய்ன்' என அமைத்தால், பட்டியலின் முடிவை எட்டிய பின்னும் பின்னணிப் பக்கம் நகராது.

பயனர் செய்யக்கூடியவை

கைப்பேசியை நெடுக்குவாட்டில் பிடிப்பது, உலாவியின் எழுத்தளவைத் தற்காலிகமாகக் குறைப்பது, குரோம் மெனுவிலுள்ள 'டெஸ்க்டாப் தளம்' என்ற வசதியைத் தேர்வது ஆகியவை பல நேரங்களில் கைகொடுக்கும்.

எனினும், பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு எழுத்தளவைக் குறைப்பது தீர்வாகாது. அவர்கள் எழுத்தைப் பெரிதாக்கும்போது பட்டியல் மேலும் நீள்வதால், பாதிப்பும் அவர்களுக்கே அதிகம். டிஜிட்டல் அணுகல், அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் அங்கம் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்துள்ளது. இந்தப் பின்னணியில், மெனுவின் கடைசி வரி வரை விரல் எட்டுவதை உறுதிசெய்வது அழகியல் சார்ந்த விருப்பமாக அன்றி, இணையதளங்களை நடத்துவோரின் கடமையாகிறது.